கோலாலம்பூரில் மூங்கில் முதுகு வில்: மரம் வாங்குவதிலிருந்து டில்லரிங் வரை

மரவில் செய்யக் கற்றுத்தரும் பாடங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. "மரத்தைக் கொட்டகையில் போட்டு வையுங்கள், காய்ந்துவிடும்" என்று ஒரே வரியில் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுவார்கள். செந்தூலில் அப்படிப் போட்டு வைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும். அந்த மரத்தை எவ்வளவு பொறுமையாகச் சீவினாலும் வில் கூன் விழும். நாணைக் கழற்றிய பிறகும் நிமிராது. நம் ஊரில் முதல் வில் கெடுவதற்குக் கைப்பழக்கம் போதாததைவிட ஈரம்தான் பெரிய காரணம். இதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் காசும் நிறைய வாரக் கடைசிகளும் செலவாயின. உங்களுக்கு அவை மிஞ்சட்டும்.

இங்கே சொல்லும் அளவுகள் 68 அங்குல நீளத்தில், 28 அங்குலம் இழுத்தால் 35 முதல் 40 பவுண்டு இழுப்பு எடை காட்டும் வில்லுக்கானவை. முதல் வில்லுக்கு அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு, அங்கே மூங்கில் வரும். உங்களைப் பார்க்கும் பக்கம் வயிறு, அங்கே மரம். பிடிக்கு மேலும் கீழும் வளைபவை தண்டுகள்.

1. தாள் வேலையை முதலில் முடியுங்கள்

பழைய கோம்பாக் சாலையிலோ உலு லங்காட் பக்கமோ போனால் மூங்கில் புதர் புதராக நிற்கும். வெட்டிக்கொண்டு வரலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி வனக் காப்பகத்திலும் அரசு நிலத்திலும் உரிமம் இல்லாமல் மூங்கில் எடுப்பது குற்றம். தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்டு, இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கினால் ரசீதை எறியாதீர்கள்.

அடுத்தது வில்லை வெளியே கொண்டு போவது. வில் வைத்திருக்க உரிமம் எதுவும் வேண்டாம். ஆனால் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் 357, தகுந்த காரணம் இல்லாமல் தாக்கும் ஆயுதத்தைப் பொது இடத்தில் கொண்டு போவதைக் குற்றமாக்குகிறது. சாலைத் தடுப்பில் காவலர் கேட்டால் காட்ட ஏதாவது கையில் இருக்கவேண்டும். நாணைக் கழற்றி, உறையில் போட்டு, காரின் பின்பக்கம் வையுங்கள். வில்பயிற்சித் திடலின் முன்பதிவையோ உறுப்பினர் அட்டையையோ கைப்பேசியில் வைத்திருங்கள். வேட்டை நினைப்பே வேண்டாம். அது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் உரிமம் கேட்கும் வேறு கதை.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாக அலுவலகத்தில் மின்கருவி ஓட்ட அனுமதிக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். டில்லரிங், அதாவது இரு தண்டுகளும் சீராக வளையும்படி வயிற்றைச் சுரண்டித் திருத்துவது, முழுக்கக் கைவேலைதான், ராத்திரியிலும் செய்யலாம். மரம் அறுப்பது மட்டும்தான் சத்தம். அதையும் மரக்கடையிலேயே சில வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து அறுத்து வாங்கிவிட்டால் பக்கத்து வீட்டுப் புகாருக்கு வேலை இல்லை.

2. மூங்கிலும் மரமும்

கடைக்காரர்கள் பெரும்பாலும் மலாய்ப் பெயரில்தான் பேசுவார்கள், அதனால் அப்படியே சொல்கிறேன். மூங்கிலில் பூலோ பெத்தோங் கேளுங்கள். சுவர் தடிமனாக இருக்கும். குழாய் பெரியதாக இருப்பதால் கீறி எடுக்கும் பட்டையும் அதிகம் வளைந்திருக்காது. பூலோ செமந்தானும் பரவாயில்லை, நல்ல பருமனாகப் பார்த்து எடுக்கவேண்டும்.

புதியவர்கள் ஏமாறும் இடம், பசையரிசி வேகவைக்கும் லெமாங் மூங்கில். நோன்புப் பெருநாள் சமயத்தில் மலிவாகவும் நேராகவும் எங்கும் கிடைக்கும். அதன் சுவர் மெல்லியது. உள்பக்கத்தைத் தட்டையாக்கி முடிக்கும்போது ஓரங்களில் ஒன்றும் மிஞ்சாது.

மூன்று வயது தாண்டிய மூங்கில் வேண்டும். தோல் பளபளவென்று பச்சையாக இருந்தால் இளசு. மங்கிப்போய், வெள்ளைத் திட்டுகள் படர்ந்திருந்தால் முற்றியது. கீழே மாவு மாதிரிப் பொடி கொட்டிக்கிடந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள், கட்டில் கால் வரைக்கும் போய்விடும்.

வயிற்றுக்கு நசுங்காத மரம் வேண்டும். மூங்கில் இழுவிசையில் அவ்வளவு பலசாலி. எதிரே மெரந்தி போன்ற இலேசான மரம் இருந்தால் அதை நசுக்கிவிடும். வயிற்றின் குறுக்கே மயிரிழை போல நசுங்கல் கோடுகள் விழும், விழுந்தால் வில் அவ்வளவுதான். பாலாவ் என் முதல் தேர்வு. தளப்பலகை போடும் குத்தகைக்காரர்களிடம் துண்டுகள் மிஞ்சும், 6 அடிக்குக் குறையாததாகக் கேளுங்கள். வரி வரியாகப் பள்ளம் வெட்டிய பலகை வேண்டாம். செங்கால் அருமையான மரம், ஆனால் விலை அதிகம். குண்டூசித் துளைகளும் சகஜம். தண்டு வளையும் இடத்தில் ஒரு துளை இருந்தாலும் பலகையை வைத்துவிட்டு வாருங்கள். மெர்பாவ் ஈரம் பட்டால் செம்பழுப்புச் சாயம் விடும். கெம்பாஸ் கனமும் பலமும் உள்ளதுதான், ஆனால் உள்ளே நொறுங்கும் பட்டைகள் ஓடும். அதைத் தொடவேண்டாம்.

சிகாம்புட் பக்கத்து மரக்கடைகளில் பலகையைப் பொறுக்கி எடுக்க விடுவார்கள். பக்கவாட்டில் நிறுத்தி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓரத்தை விட்டு வெளியேறாமல் ஓடவேண்டும். அழகான வரிகளுக்கு மயங்காதீர்கள், வில்லுக்கு அழகில்லாத பலகைதான் நல்ல பலகை.

செலவு: மூங்கில் 20 முதல் 40 வெள்ளி, பாலாவ் துண்டு 50 முதல் 100 வெள்ளி, மெதுவாக இறுகும் எபாக்சிப் பசை 50 வெள்ளி, மர அரமும் சுரண்டுதகடும் 60 வெள்ளி, பெட்டி எடை பார்க்கும் மின்தராசு 20 வெள்ளி, நாண் 50 வெள்ளி, பூச்சும் உப்புத்தாளும் 40 வெள்ளி. கையில் 350 வெள்ளி இருந்தால் தொடங்கலாம். கிளாம்ப் இல்லாதவர்கள் மோட்டார் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி, ஓரங்குல நாடாக்களாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது இறுக்கிச் சுற்ற அதைவிட நல்லது இல்லை.

3. காயவைப்பது: இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண்

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. நிழலில் எத்தனை மாதம் வைத்தாலும் மரத்துக்குள் 15 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் தங்கியேவிடும். வில்லுக்கு 8 முதல் 10 வேண்டும். "மூன்று வருடம் காய்ந்த மரம்" என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் அது நம் காற்றில் காய்ந்த மரம்தான்.

பச்சை மூங்கிலாக இருந்தால் முதலில் இரண்டங்குலப் பட்டைகளாகக் கீறி, வெயில் படாமல் காற்றோட்டத்தில் ஒரு மாதம் விடுங்கள். நேராக வெயிலில் போட்டால் வெடிக்கும். பிறகு மூங்கிலையும் வயிற்று மரத்தையும் ஏறக்குறைய இறுதித் தடிமனுக்குச் சீவி, சூட்டுப்பெட்டியில் வையுங்கள். முழுத் தடிமனில் வைத்தால் நடுவே ஈரம் நின்றுவிடும்.

சூட்டுப்பெட்டி பெரிய சமாச்சாரம் இல்லை. ஒட்டுப்பலகையில் ஆறரை அடி நீளப் பெட்டி, இரண்டு முனையிலும் காற்றுத் துளை, உள்ளே ஒரு வெப்பமானி. சூட்டுக்குப் பழைய இழை விளக்கு இப்போது கிடைப்பது அரிது. செல்லப்பிராணிக் கடையில் பல்லி, ஆமைக்கு விற்கும் சூட்டு விளக்கு போதும். 40 பாகையை எட்டினால் போதுமானது. வெளிக்காற்றையே அந்த அளவுக்குச் சூடாக்கும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் 80-லிருந்து 40 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும், மரம் தானாக ஈரத்தை விட்டுக்கொடுக்கும். விளக்கு மரத்தையும் பலகையையும் தொடாமல் கம்பி வலைக்குள் இருக்கவேண்டும். வீட்டில் ஆள் இல்லாதபோது அணைத்துவிட்டுப் போங்கள்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டு, தேதியோடு அந்த மரத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிற்கும். நான்கு நாள் ஒரே எடை காட்டினால் போதும். மெல்லிய பட்டைகளுக்குப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். ஊசி வைத்த ஈரமானி இருந்தால் மரத்தில் குத்திப் பாருங்கள், மூங்கில் தோலில் அது சொல்லும் கணக்கை நம்பவேண்டாம். பெட்டி செய்ய இடமில்லாதவர்கள் ஏர்கோன் ஓடும் அறையில் வைக்கலாம். ஆனால் ராத்திரி மட்டும் ஓடும் ஏர்கோன் என்றால், பகலில் மரம் ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும்.

4. சீவி ஒட்டுவது

மூங்கிலின் உள்பக்கத்தை மட்டும் சீவுங்கள். நடுவில் 3 மில்லிமீட்டர், நுனியில் 2 மில்லிமீட்டர். தடித்த மூங்கில் பலம் தரும் என்று நினைத்துவிடாதீர்கள், அது வயிற்றைத்தான் நசுக்கும். வெளித்தோலில் மெழுகுபோன்ற பளபளப்பை மட்டும் உரசி எடுங்கள். கணுக்களை மேலோட்டமாகத் தேய்க்கலாம், மேடு கொஞ்சம் தெரியவே வேண்டும். சமமாக்கினால் நார் அறுந்துபோகும்.

வயிற்று மரம் 35 மில்லிமீட்டர் அகலம், பிடியருகே 15 மில்லிமீட்டர் தடிமன், நுனியில் 10. ஒட்டும் முகங்களை 60-ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள். எபாக்சியை நம் வெப்பத்தில் மொத்தமாகக் கலக்காதீர்கள், கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். ஏர்கோன் போட்டுவிட்டு, சிறிது சிறிதாகக் கலந்து தடவுங்கள். நுனிகள் முதுகுப் பக்கம் 4 சென்டிமீட்டர் தள்ளி நிற்குமாறு, ஒரு பலகைமேல் முட்டுக்கட்டை வைத்து வளைத்த நிலையிலேயே இறுக்குங்கள். கூன் விழுவதற்கு எதிரான முன்பணம் இது. கிளாம்பைக் கண்மண் தெரியாமல் முறுக்கினால் பசை முழுவதும் வெளியே வழிந்துவிடும், இலேசாகக் கசிந்தால் போதும். பிடிக்கட்டையையும் வயிற்றுப் பக்கம் இதே முறையில் ஒட்டுங்கள். மூன்று நாள் தொடாதீர்கள். நீர் கலந்த மரப்பசை போட்டிருந்தால் மரம் மறுபடி நனைந்திருக்கும், ஒரு வாரம் பெட்டிக்குள் திருப்பி அனுப்புங்கள்.

5. வடிவமும் தரைச் சோதனையும்

நடுவிலிருந்து பாதித் தண்டு வரை முழு அகலம், அதற்குப் பிறகு நுனியை நோக்கிக் குறுகவேண்டும். நுனியை இப்போதைக்கு 20 மில்லிமீட்டரில் நிறுத்துங்கள், காரணம் பின்னால் வரும். மூங்கிலின் ஓர விளிம்புகளை விரல் வழுக்கும் அளவுக்கு உருட்டிவிடுங்கள். கூர்மையான விளிம்பில்தான் சிலும்பு கிளம்பும். நாண் பள்ளத்தைப் பக்கங்களில் மட்டும் வெட்டுங்கள், முதுகின் குறுக்கே அரம் போகக்கூடாது.

இனி ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, பிடியை மெல்ல அழுத்துங்கள். தண்டு வளைவது கையில் தெரியவேண்டும். தெரியாவிட்டால் வயிற்றில் அரம் போடுங்கள். பாலாவின் இழை முன்னும் பின்னுமாகப் பின்னியிருப்பதால் இழைப்புளி போட்டால் பிய்த்துக்கொண்டு வரும். அரம், அப்புறம் சுரண்டுதகடு, அதுதான் வரிசை. மரத்தூள் மூக்கை அரிக்கும், முகக்கவசம் போடுங்கள். இந்தக் கட்டத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

6. டில்லரிங்: சுரண்டுவதைவிடப் பார்ப்பதே அதிகம்

டில்லரிங் மரம் என்பது ஒரு நேர்க்கட்டை. தலையில் பிடி உட்காரும் பள்ளம், காலடியில் ஒரு கப்பி. வாடகை வீட்டுச் சுவரில் துளை போட முடியாதவர்கள் 5 அடிக் கட்டையை அகலமான அடிப்பலகையில் நிறுத்திச் சுவரில் சாய்த்துக்கொள்ளலாம். கயிற்றைக் கப்பி வழியே கொண்டு வந்து நான்கைந்து அடி தள்ளி நின்று இழுங்கள். உடைந்தால் துண்டு பறக்கும் பாதையில் நீங்கள் நிற்கக்கூடாது. பின்னால் சுவரில் கட்டம்போட்ட தாளை ஒட்டினால் கண்ணுக்கு உதவியாக இருக்கும்.

முதலில் நீள நாண், வில்லைவிடச் சற்றே நீளமாக, தொய்வில்லாமல். இரண்டு மூன்று அங்குலம் மட்டும் இழுத்துப் பாருங்கள். பிடியை ஒட்டிய சில அங்குலமும் நுனியின் கடைசி ஆறேழு அங்குலமும் விறைப்பாக இருக்கலாம், இடைப்பட்ட பகுதி முழுவதும் ஒரே சீராக வளையவேண்டும். விறைப்பாக நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அங்கே மட்டும் சுரண்டுங்கள். அளவுக்கு மீறி வளையும் இடத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள். அங்கே மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, மற்ற இடங்களை அதன் நிலைக்கு இறக்குவதுதான் வழி.

எவ்வளவு சுரண்டலாம்? தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் விறைப்பு மாறும். பத்தில் ஒரு பங்கு தடிமன் குறைந்தால் விறைப்பு கால் பங்குக்கும் மேல் போய்விடும். அதனால் ஓரிடத்தில் இருபது சுரண்டல், பிறகு அதே தூரத்துக்கு முப்பது முறை மெதுவாக இழுத்து விடுங்கள், அதன் பிறகு பாருங்கள். இந்த முப்பதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. ஆனால் சுரண்டியதன் பலன் இழுத்து விட்ட பிறகுதான் முழுதாகத் தெரியும். உடனே பார்த்துவிட்டு மறுபடி சுரண்டுகிறவர்களுக்கு 40 பவுண்டு வில் 25-இல் வந்து நிற்கும்.

கண்ணை நம்ப முடியாதபோது ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளுங்கள். ஆறங்குல நேர்க்கட்டையின் நடுவில் துளையிட்டு, பென்சில் முனை மயிரிழை அளவு வெளியே நீட்டி நிற்கும்படி செருகுங்கள். வில்லை வளைத்துப் பிடித்து, வயிற்றில் இதை நகர்த்துங்கள். சரியாக வளையும் இடத்தில் பென்சில் படாது, விறைத்த இடத்தில் கோடு விழும். அந்தக் கோட்டைச் சுரண்டி எடுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பதும் நல்ல பழக்கம். கேமராவைப் பிடிக்கு நேராக, அதே உயரத்தில் வையுங்கள். சாய்ந்து எடுத்த படத்தில் நல்ல தண்டும் கோணலாகத் தெரியும், நல்ல இடத்தைச் சுரண்டிக் கெடுப்பீர்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரே சட்டம்: நீங்கள் குறிவைத்த எடைக்கு மேல் எப்போதும் இழுக்காதீர்கள். 40 பவுண்டு என்றால், கயிற்றில் மாட்டிய மின்தராசில் 18 கிலோ. பத்தங்குலத்திலேயே 18 கிலோ வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திச் சுரண்டுங்கள். ஆனால் நீள நாணில் வரும் எடை உண்மையான எடை இல்லை. நுனிகள் நான்கைந்து அங்குலம் சீராக இறங்கியதும் நீள நாணுக்கு விடை கொடுங்கள்.

7. நாண் ஏற்றி முழு இழுப்பு வரை

முதல் முறை நாண் பிடியிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிற்கும் உயரத்துக்கே ஏற்றுங்கள். ஏற்றியதும் வில்லை நேராகப் பிடித்து, நாண் பிடியின் நடுவே ஓடுகிறதா என்று பாருங்கள். இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் நுனியின் இடப்பக்கத்தைச் சீவுங்கள், நுனியின் மையம் வலப்பக்கம் நகரும். நுனியை 20 மில்லிமீட்டரில் விடச் சொன்னது இதற்குத்தான். சரியானதும் 12-க்கு இறக்கலாம்.

அடுத்து ஆறங்குல உயரம். பிடியின் இரு முனைகளிலும் நாணுக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். மேல்தண்டில் 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். அம்புக்கு மேலே ஒரு விரலும் கீழே இரண்டு விரலுமாக இழுப்பவர்களுக்குக் கீழ்தண்டு கொஞ்சம் விறைப்பாக இருப்பது நல்லது. இனி ஒவ்வோர் அங்குலமாக ஏறுங்கள். பார், குறி போடு, சுரண்டு, முப்பது முறை இழு.

ஒவ்வொரு முறை நாணைக் கழற்றும்போதும் வில்லைத் தரையில் கிடத்தி அளங்கள். ஒட்டும்போது கொடுத்த 4 சென்டிமீட்டரில் ஒன்றிரண்டு போவது இயல்பு. எல்லாம் போய், வில் உங்கள் பக்கம் கூன் போடத் தொடங்கினால் சுரண்டுவதை நிறுத்துங்கள். அளவு மீறி இழுத்திருக்கிறீர்கள், அல்லது மரம் ஈரமாக இருக்கிறது. வில்லைச் சமையலறைத் தராசில் எடை போட்டுப் பாருங்கள். நேற்றைவிட ஏறியிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது, ஒரு வாரம் பெட்டிக்குள். மழைக்கால மாலையில் திறந்த பால்கனியில் டில்லரிங் செய்பவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும்.

27 அங்குலத்தில் குறிவைத்த எடை வந்ததும் அரத்தைக் கீழே வையுங்கள், 28-இல் அது ஏறக்குறைய இரண்டு பவுண்டு கூடுதலாகக் காட்டும். உப்புத்தாள் தேய்ப்பிலும் முதல் நூறு அம்புகளிலும் அந்த இரண்டு பவுண்டு போய்விடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு டில்லரிங் இரண்டு மூன்று வாரக் கடைசிகள் பிடிக்கும்.

8. பூச்சும் பாதுகாப்பும்

டில்லரிங் முடிந்த அன்றே பூசுங்கள், நாளை என்று தள்ளினால் காற்று வேலையைத் தொடங்கிவிடும். பாலியூரிதேன் மூன்று நான்கு மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் இடைவெளி. நுனிகள், நாண் பள்ளம், பிடித்தோலுக்கு அடியில் எதையும் விடாதீர்கள். நாணுக்கு டாக்ரான் நூல், பி-50 அல்லது பி-55. நீட்சியே இல்லாத நவீன நூல்கள் வலுவூட்டாத மரநுனியை அறுத்துவிடும்.

அம்பில்லாமல் நாணை விடாதீர்கள், நண்பர்களிடம் கொடுக்கும் முன்பும் இதைச் சொல்லுங்கள். அம்பு பவுண்டுக்குப் பத்து கிரெயின் (அம்பை நிறுக்கும் அலகு) எடை இருக்கட்டும், 40 பவுண்டு வில்லுக்கு 400. எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, சுவரில் இரண்டு ஆணிமேல் படுக்கையாக வையுங்கள். மூலையில் சாய்த்து வைக்கக்கூடாது. வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மணி நேரம்கூட வேண்டாம், அந்தச் சூட்டில் எபாக்சி இளகும். கையால் செய்த வில்லை அனுமதிப்பார்களா என்று திடலில் முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் பயிற்றுநர் பார்த்த பிறகே எய்ய விடுவார்கள்.

அக்டோபர், நவம்பர் மழையில் ஒருமுறை இழுப்பு எடை பாருங்கள். ஒன்றிரண்டு பவுண்டு இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். ஐந்துக்கு மேல் இறங்கியிருந்தால் பூச்சில் எங்கோ விரிசல். அந்த இடத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் நாண் உரசும் பள்ளத்தில்தான் இருக்கும். வில்லை மீண்டும் பெட்டியில் காயவைத்து, எடை நின்ற பிறகு அந்த இடத்தில் பூசுங்கள்.